துளைக்கும் முன் காது வை!

சிவகாசி வட்டாரத்திலே ‘டமார்’ என்று ஓர் ஓசை எழுந்தால், நம் மக்கள் கேட்பது மூன்று கேள்வி. எந்தப் பக்கம்? எவ்வளவு தூரம்? யார் யார்?

முதல் இரண்டுக்கும் விடை தேடி அவர்கள் எந்த அதிகாரியின் கதவையும் தட்டுவதில்லை. விடை காதிலேயே இருக்கிறது. திருத்தங்கல் பக்கமா, வெம்பக்கோட்டைப் பக்கமா, சாத்தூர்ச் சாலையா என்பதைப் பள்ளிக்கூடம் போகிற பையன்கூடச் சொல்லிவிடுவான். இரவு நேரமாயிருந்தால் இன்னும் துல்லியம். வானம் வெளுத்ததைக் கண்ட கணத்திலிருந்து ஓசை வந்து சேரும்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான்; மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவான். கல்லூரி வாசலை மிதிக்காதவன். ஆனால் அவன் செய்வது பௌதிகம்!

மூன்றாவது கேள்விக்கு விடை மருத்துவமனை வாசலிலேதான் கிடைக்கும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்திலே கிடைத்தது அந்த விடை. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்திலே கிடைத்தது. அதிகாரிகள் வந்தார்கள் — பிறகு. விசாரணை வந்தது — பிறகு. இழப்பீடு வந்தது — பிறகு. ‘பிறகு’ என்ற சொல்லுக்குப் பொருளை மற்றவர்கள் அகராதியிலே பார்ப்பார்கள். நம் வட்டாரத்தார் சுடுகாட்டிலே பார்த்தவர்கள்.

இன்று எழுதப் புகுந்தது பட்டாசைப் பற்றி அன்று. பூமிக்கடியிலே நீரும் எண்ணெயும் நெருப்புக் குழம்பும் நகர்கிற நகர்வை, நில அதிர்வை அளந்தே கண்டுபிடிக்கிற ஒரு கலையைப் பற்றி. தலையங்கத்துக்கு ஏற்ற பொருளா இது, விலைவாசி இல்லையா, கூலி உயர்வு இல்லையா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். படித்து முடித்துவிட்டுச் சுளியுங்கள், தடையில்லை.

அந்தப் பையன் விரல்விட்டு எண்ணினானே, அந்தக் கணக்குத்தான் இந்தக் கலையின் அடிப்படை. பூமிக்குள்ளே பாறை ஓரிடத்தில் நழுவினால் — எறும்பு நகர்கிற அளவு நழுவினாலும் சரி — அங்கிருந்து இரண்டு வகை அலைகள் கிளம்புகின்றன. ஒன்று, முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டு ஓடுவது. அது முந்தி வரும். மற்றது, பக்கவாட்டிலே உலுக்கிக்கொண்டு வருவது. அது பிந்தி வரும். கெட்டிப் பாறையிலே முன்னது வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடுகிறது. பின்னது ஏறத்தாழ மூன்றரை. இரண்டும் ஒரு வினாடி இடைவெளியில் வந்து சேர்ந்தால், நழுவிய இடம் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவு. வெளிச்சம் முன்னே, ஓசை பின்னே! ஒரு கருவி தூரத்தைச் சொல்லும். நாலைந்து கருவிகளை நாலு திசையிலும் புதைத்து வைத்தால், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பதையும் சொல்லும்.

சரி, பாறை ஏன் நழுவுகிறது? ஆதிசேடன் தலை மாற்றினான் என்று சொல்லிப் பிழைத்தவர்கள் உண்டு. நாம் லாரி ஷெட்டுக்குப் போவோம். அங்கே ஜாக்கியைப் பார்த்திருக்கிறீர்கள். கைப்பிடியை அழுத்த அழுத்த, உள்ளே அடைபட்டிருக்கிற எண்ணெய் பல டன் பாரத்தைத் தூக்கி நிறுத்துகிறது. பாறையின் விரிசலுக்குள்ளே நீரை அழுத்திச் செலுத்தினாலும் நடப்பது அதுவே. ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருந்த இரு பாறை முகங்களின் பிடியை அந்த அழுத்தம் தளர்த்துகிறது. ஏற்கெனவே முறுக்கேறி, சமயம் பார்த்து நிற்கும் பாறையாயிருந்தால், பிடி விட்டதும் நழுவுகிறது. பெரும்பாலும் மனிதன் உணராத நழுவல்; கருவி மட்டுமே கேட்கும் முனகல். இன்று இங்கே ஒரு முனகல், நாளை நூறடி தள்ளி ஒன்று, மறுநாள் இன்னும் கீழே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வரைபடத்திலே ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனால், புள்ளிக்கோலம்போல நீர் போன வழி தெரிந்துவிடுகிறது! (அழுத்தம் சில வேளை நீரையும் முந்திக்கொண்டு ஓடும். ஆகையால் புள்ளி விழுந்த இடமெல்லாம் நீர் நின்ற இடம் என்று அடித்துப் பேசமாட்டார்கள், இதைப் படித்தவர்கள். அந்த அடக்கம் நம் ஊரிலே உள்ளங்கையில் தேங்காயை நிமிர்த்திவைத்து நீரோட்டம் பார்க்கிறவரிடம் கிடையாது.)

அவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கரிசல் காட்டிலே தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்திலே, திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கும். 300 அடி, 500 அடி, 800 அடி. மேலே பறப்பது பாறைத் தூள், வெறும் புகை. வீட்டுக்காரியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிருக்கும். தேங்காய்க்காரர் தட்சணையை வாங்கி மடியிலே முடிந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். ‘உன் ராசி’ என்பதுதான் அவர் விட்டுச்சென்ற ஆராய்ச்சி முடிவு! பூமிக்குள் நடப்பதை அறியவே முடியாது என்று ஏழையை நம்பவைத்திருக்கும்வரை, அந்தப் பிழைப்பு ஓடும். அறிய முடியும். அறிந்திருக்கிறார்கள். கேளுங்கள்.

அய்ஸ்லாந்து என்றொரு தீவு. அதன் தென்மேற்கு ஓரத்திலே கிரிண்டாவிக் என்ற மீனவர் ஊர்; ஏறத்தாழ 3,800 மக்கள். 2023 நவம்பர் 10-ஆம் நாள் பூமி ஓயாமல் அதிர்ந்தது. கருவிகள் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தன. அந்தப் புள்ளிகள் நின்ற இடத்தில் நிற்கவில்லை, நகர்ந்தன, வரிசையாக நகர்ந்து ஊருக்கு அடியிலேயே வந்தன. உருகிய பாறைக் குழம்பு பூமிக்குள்ளே ஒரு சுவர்போல, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்துகொண்டு போகிறது என்று கண்டார்கள். அன்று இரவே ஊர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. எரிமலை வெடித்ததோ டிசம்பர் 18-ஆம் நாள்! 2024 ஜனவரியிலே நெருப்புக் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. எரிந்த வீட்டுக்குள்ளே குடும்பங்கள் இல்லை. கேட்டது காது, சொன்னது வாய், நடந்தது கால்.

இனி இன்னோர் ஊர். தென் கொரியாவிலே போஹாங். பூமியின் வெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்க, 4 கிலோமீட்டருக்கும் கீழே துளையிட்டு, 2016 முதல் அழுத்தத்தோடு நீரைச் செலுத்தினார்கள். நல்ல நோக்கம்தான், புகை இல்லாத மின்சாரம் வேண்டாம் என்பார் யார்? சிறு அதிர்வுகள் வந்தன. கருவிகள் பதிந்தன. 2017 ஏப்ரலிலே 3-க்கு மேற்பட்ட அதிர்வு ஒன்று வந்தது. சற்று நிறுத்தினார்கள், பிறகு மீண்டும் செலுத்தினார்கள். 2017 நவம்பர் 15-ஆம் நாள் 5.5 அளவிலே குலுங்கியது நகரம். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியே நின்றனர். நீர் செலுத்தியதே அதைத் தூண்டிவிட்டது என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019 மார்ச்சிலே அறிவித்தது. அதற்கு முன்னே வந்த சிறு அதிர்வுகளெல்லாம் ஒரே தளத்திலே அணிவகுத்து, ‘இங்கே ஒரு பிளவு இருக்கிறது, இங்கே ஒரு பிளவு இருக்கிறது’ என்று காட்டிக்கொண்டேயிருந்தனவாம். அதை எடுத்துக் காட்டினார்கள் — பிறகு!

கருவி இரண்டு ஊரிலும் இருந்தது. அறிவியல் இரண்டு ஊரிலும் ஒன்றே. ஓரிடத்திலே காது ஊருக்குச் சொந்தமாயிருந்தது. மற்றோரிடத்திலே துளையிட்டவனுக்குத் துணையாயிருந்தது. இவ்வளவுதான் வேற்றுமை. இந்த வேற்றுமைதான் இன்றைய தலையங்கம்.

அயல்நாட்டுக் கதை எதற்கு, நம் பக்கத்துக்கு வாருங்கள் என்கிறீர்களா? மராட்டியத்திலே சாத்தாரா மாவட்டத்துக்குப் போவோம். கொய்னா அணை, 103 மீட்டர் உயரம். 1962-ஆம் ஆண்டு நீர் தேக்கத் தொடங்கினார்கள். தக்காணத்துப் பாறை பழம்பாறை, அசையாப் பாறை என்பது அந்நாளையப் பாடம். நீர் ஏற ஏற, அசையாப் பாறை அசைந்தது. சிறு சிறு அதிர்வுகள். 1963-லேயே அணையைச் சுற்றிக் கருவிகள் வைத்தார்கள். 1967 செப்டம்பரிலே 5-க்கு மேல் ஒன்று குலுக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், விடிவதற்கு முன்னே, ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது, 6.3 அளவிலே அடித்தது பேரதிர்வு. ஏறத்தாழ 200 பேர் மாண்டனர். தேங்கிய நீரின் பாரமும், விரிசல் வழியே இறங்கிய நீரின் அழுத்தமும் அதைத் தூண்டின என்பது இன்று உலகம் ஒப்பும் முடிவு. அணை தூண்டிய அதிர்வுக்கு உலகப் பாடநூல்கள் எடுத்துக்காட்டுவது நம் நாட்டு ஊரை! பெருமைதான், அழுதுகொண்டே படவேண்டிய பெருமை.

ஆனால் கொய்னாவிலே அதோடு நின்றுவிடவில்லை; அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவராவோம். அய்தராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வுக் கழகத்தார் அந்த மண்ணை விடாமல் கேட்டு வந்திருக்கிறார்கள். மழை முடிந்து ஏரி நிறைந்த பின்னும், நீர் இறங்கும் காலத்திலும் அதிர்வுகள் கூடுவதைக் கண்டார்கள். மேலே வைத்த கருவிக்கு லாரி ஓசையும் காற்றும் இடைஞ்சல் என்று, துளை போட்டு ஆழத்திலே கருவி இறக்கினார்கள். கராடு நகரிலே இதற்கென்று ஓர் ஆய்வகமே அமைந்தது. கரும்பாறையைக் கடந்து கிரானைட்டுக்குள்ளே 3 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சோதனைத் துளை சென்றது. ஆக, இந்நாட்டிலே ஆள் இல்லை, அறிவு இல்லை, கருவி இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. நம் கொடைக்கானல் மலையிலே வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1900-ஆம் ஆண்டை ஒட்டி, நிலநடுக்கமானி வந்துவிட்டது. கர்நாடகத்துக் கௌரிபிதனூரிலே 1965 முதல் ஓர் அணிவரிசையே வைத்து, உலகத்தின் எந்த மூலையிலே அணுகுண்டு வெடித்தாலும் ஒட்டுக்கேட்கிறார்கள். அடுத்தவன் குண்டைக் கேட்கக் காது உண்டு. சொந்தக் குடியானவன் கிணற்றைக் கேட்க?

கேட்கவும் முடியும் என்கிறார்கள். அதுதான் நம் மாவட்டத்துக்கு மிகவும் வேண்டிய செய்தி. வெடியும் வேண்டாம், அதிர்வும் வேண்டாம். கடலலையின் இரைச்சல், சாலையின் இரைச்சல், ரயிலின் இரைச்சல் என்று பூமிக்குள்ளே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற முணுமுணுப்பே போதும். மண்ணின் துளைகளிலே நீரின் அழுத்தம் ஏறினால் அந்த ஒலி சற்று மெதுவாக ஓடுகிறது. நீர் வற்றினால் சற்று விரைவாக ஓடுகிறது. மயிரிழை வேற்றுமைதான். ஆனால் ஆண்டுக்கணக்காக அளந்தால் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கமே தெரிகிறது. அமெரிக்காவிலே லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்திலே இப்படிப் பார்த்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? 2023-ஆம் ஆண்டுப் பெருமழையிலே ஏரிகள் நிறைந்தன; மேல்மட்ட நீர் மீண்டது; ஆழத்து நீரிலோ, 2006 முதல் இழந்ததில் ஏறத்தாழக் கால் பங்குதான் மீண்டது. கண்மாய் நிறைந்தது, போர் ஊறவில்லை! அருப்புக்கோட்டைச் சம்சாரி ஒவ்வொரு கார்த்திகையிலும் சொல்கிற அதே வாசகத்தை, அங்கே கருவி வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அது மணல் படுகை. நம்முடையது பெரும்பாலும் கெட்டிப் பாறை. மேலே கரிசல், கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. நீர் நிற்பது விரிசலிலே. ஆகையால் அங்கே பலித்தது இங்கே அப்படியே பலிக்கும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. சோதித்துப் பார் என்கிறோம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நாலு தடவை அளக்கிறது. நோயாளிக்குப் பருவத்துக்கு ஒருமுறை நாடி பார்க்கும் வைத்தியம்! நாடியை நாள்தோறும் பார்க்கிற வழி ஒன்று இருக்குமானால், அதை வறண்ட மாவட்டத்திலே சோதிக்காமல் வேறெங்கே சோதிப்பது?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அச்சத்தை விற்று ஆள் சேர்ப்பது நம் தொழில் அன்று. 800 அடி போர் போட்டுத் தண்ணீர் இறைப்பதாலே சிவகாசி குலுங்கிவிடும் என்று மேடையிலே எவராவது முழங்கினால், கையைப் பிடித்து இறக்கிவிடுங்கள். எண்ணெய்க் கிணறு என்றாலே நிலநடுக்கம் என்பதும் புளுகு. தொல்லை பெரும்பாலும் வருவது பெரும் அளவிலே, பெரும் ஆழத்திலே, நாள்கணக்காகத் திரவத்தை அழுத்திச் செலுத்தும்போதுதான். அமெரிக்காவின் டென்வர் நகரருகே ராணுவத்தார் 1962-இல், 3,671 மீட்டர் ஆழத் துளைக்குள்ளே ஆயுதச் சாலையின் கழிவு நீரைச் செலுத்தினார்கள். ஊர் அதிர்ந்தது. செலுத்திய அளவையும் அதிர்ந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று 1965-இல் ஊரறியச் சொன்னவர் டேவிட் எவன்ஸ் என்ற ஒரு தனி மனிதர். 1966-இல் நிறுத்தினார்கள். நிறுத்திய பின்னும், பெரிய அதிர்வுகள் 1967-இல் வந்தன. உள்ளே போன நீர் நடந்துகொண்டே இருந்தது! ஓக்லகோமாவிலே எண்ணெயோடு வந்த உப்பு நீரை மறுபடி பூமிக்குள்ளே திணித்தார்கள். 2016 செப்டம்பரிலே 5.8. துளை அன்று குற்றவாளி. துளைக்குள்ளே என்ன போகிறது, எவ்வளவு போகிறது, போனது எங்கே நடக்கிறது என்பதை ஊருக்குச் சொல்லாத வாயே குற்றவாளி.

இதை இப்போது எழுதுவானேன்? நரிக்குடி, திருச்சுழி தாண்டிக் கிழக்கே போகப் போகப் பாறை கீழே இறங்குகிறது. மணலும் களியும் படிந்த படுகை தொடங்குகிறது. காவிரிப் படுகையின் தென்கோடி அது. அந்த ராமநாதபுரம் சீமையிலும் சிவகங்கையிலும் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட, எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்துக்கு 2025-இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. தந்தது மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு எழுந்தது; அதைத் திரும்பப் பெறுமாறு ஆகஸ்டிலே மாநில அரசு சொன்னது. நல்லது. ஆனால், 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவுக்குத்தான் வேலி. ராமநாதபுரம் அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. ஒரு தாளிலே வந்தது, இன்னொரு தாளிலே போயிற்று. மூன்றாவது தாளிலே மீண்டும் வராது என்று எவர் எழுதித் தருவார்?

வந்தால் நம் மறுமொழி ‘வேண்டாம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்கக்கூடாது. வேண்டாம் என்பதற்குக் கணக்கு வேண்டும். ‘உன் கிணற்றாலே அல்ல, இந்த மண் முன்பே அதிர்ந்துகொண்டுதான் இருந்தது’ என்று அவன் சொன்னால், மறுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? முன்பு எப்படி இருந்தது என்று பதிந்து வைத்தவர் யார்? டெல்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் வலை பெருமீனுக்கு வீசிய வலை; குஞ்சு மீன்கள் கண்ணி வழியே போய்விடும். இந்தக் கலையிலே குஞ்சு மீன்தான் சாட்சி! இங்கிலாந்திலே பிரஸ்டன் நியூ ரோடு என்ற இடத்திலே பாறையை உடைத்து எரிவாயு எடுத்தபோது, 0.5 அளவு அதிர்வு வந்தாலே வேலையை நிறுத்தவேண்டும் என்று விதி இருந்தது. பதிவுகளை அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்டுக்கொண்டே வந்தது. 2019 ஆகஸ்டிலே 2.9 வந்தது, நவம்பரிலே அந்தத் தொழிலுக்கே அரசு தடை போட்டது. முதலாளியின் கருவி மட்டுமே இருந்திருந்தால் அந்த 0.5 யார் காதில் விழுந்திருக்கும்? பட்டாசு ஆபீசிலே ஆள் கணக்கை யார் எழுதுகிறார் என்பதை அறிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தோழர்களே! தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் நாள் கிராம சபை கூடும். மே 1-ஆம் நாளும் கூடும். வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து, பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் ஊராட்சிக்கு அருகிலுள்ள கண்காணிப்புக் கிணற்றின் நீர்மட்டத்தை, கடந்த பத்தாண்டுக் கணக்கை, முதலிலே வாசிக்கச் சொல்லுங்கள். இல்லை என்றால், இல்லை என்பதை எழுதச் சொல்லுங்கள். பிறகு இதை வையுங்கள்: ‘இம்மாவட்டத்திலும் எல்லையடுத்த மாவட்டங்களிலும் நிலத்தின் ஆழத்துக்குள் எந்தத் திரவத்தையும் அழுத்திச் செலுத்தும் எந்த வேலைக்கும், குறைந்தது ஓராண்டு முன்னதாக, அந்த வேலையைச் செய்வோர் அல்லாத பொது நிறுவனம் ஒன்றின் பொறுப்பில் அதிர்வுமானிகள் பதிக்கப்படவேண்டும், அவற்றின் பதிவுகள் தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில், வாரந்தோறும் ஒட்டப்படவேண்டும்.’

தீர்மானப் புத்தகத்திலே எண் போட்டு எழுதச் செய்து, தலைவரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நகலை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.